புனித யூஜின் டி மசனட்டின் இளமைக்காலம்: அழைத்தல் அவருக்கு எப்போது வந்தது?

மன்னார் மறையாசிரியை

எல்லோருக்கும் வணக்கம். மே 21 புனித யூஜின் டி மசனட்டின் திருநாள். எங்கள் பங்கில் மறைக்கல்வி உயர் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவருடைய இளமையைப் பற்றிப் பேசும்படி சுவாமி என்னிடம் சொல்லியிருக்கிறார். அமலமரித் தியாகிகள் சபையை நிறுவியவர் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தச் சபையின் அமதிச் (அமலமரித் தியாகிகள்) சுவாமிமாரைப் பார்த்துத்தானே வளர்கிறார்கள்.

என்னிடம் உள்ள சிறு நூலில் அவருடைய இளமை ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகிறது. பிரான்சில் உயர்குடிப் பிறப்பு, புரட்சி, நாடு விட்டு ஓடியது, ஒரு பெரிய வெள்ளியன்று சிலுவைக்கு முன் அழுதது, குருவானது. அவ்வளவுதான். முன்பு ஒரு தடவை இதை அப்படியே சொன்னபோது ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், ஒருநாள் அழுதால் சுவாமியாகிவிடலாமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அந்த அழுகைக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

பாசையூரான்

தங்கச்சி, அந்தப் பிள்ளை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். நான் இளவயதில் அமதிகளின் குருமடத்தில் சில காலம் இருந்தவன். பிறகு வீடு திரும்பிக் குடும்பஸ்தன் ஆகிவிட்டேன். ஆனால் அவருடைய வாழ்க்கையை வாசிப்பதை மட்டும் விடவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1782 ஆகஸ்ட் 1 அன்று எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் பிறந்தார். தகப்பனார் அங்கே உயர் நீதிமன்றம் ஒன்றின் தலைவர். குடும்பத்தைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: பட்டம் தகப்பன் பக்கம், பணம் தாய் பக்கம். பின்னால் அந்த வீடு உடைந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

புரட்சி வந்ததும் தகப்பன் உயிருக்குப் பயந்து ஓடினார். 1791இல் பிள்ளையும் நீஸ் நகருக்குக் கொண்டுபோகப்பட்டார். அப்போது வயது 8. அதன் பிறகு பதினொரு வருட அகதி வாழ்க்கை. நீஸ், துரின், வெனிஸ், நேப்பிள்ஸ், பலெர்மோ என்று ஒவ்வொரு இடமாகப் பெயர்ந்தார்கள். படைகள் நெருங்கும்போதெல்லாம் மூட்டை கட்ட வேண்டும். துரினிலிருந்து வெனிஸுக்குப் போ ஆற்றில் படகேறிப் போனார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்க நீங்கள் மிகவும் பாடுபட வேண்டியிருக்காது. அவர்களுடைய வீட்டில் அம்மம்மாவிடம் கேட்டாலே இடப்பெயர்வு என்றால் என்னவென்று சொல்வார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அழைத்தல் வந்த இடம் பெரிய வெள்ளி இல்லை, வெனிஸ். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. குருவாகும் எண்ணம் தனக்கு அங்கேதான் தொடங்கியது என்று பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

வெனிஸில் இருந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயதளவில். பள்ளிக்கூடம் இல்லை. கூட விளையாட ஆள் இல்லை. தகப்பனும் சித்தப்பாமாரும் பிழைப்புக்காகச் சிறு வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாயும் தங்கையும் 1795இல் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார்கள். பையன் ஜன்னலடியில் சும்மா நின்றுகொண்டிருப்பார். எதிர்வீட்டில் சினெல்லி குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் பர்த்தோலோ என்ற இளம் குரு. அவர் எதிர் ஜன்னலிலிருந்து, இப்படி நேரத்தை வீணாக்குகிறாயே, பயமாக இல்லையா என்று கேட்டார். படிக்கப் புத்தகம் இல்லையே என்றார் பையன். உடனே ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. அடுத்த நாள் அந்த வீட்டுக்கே கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் அங்கே பாடம், செபம், மாலையில் அந்தக் குடும்பத்தோடு செபமாலை. சம்பளம் எதுவும் இல்லை. சீனாவிலும் ஜப்பானிலும் உழைத்த மறைபணியாளரின் கடிதத் தொகுப்புகளை அங்கேதான் வாசித்தார். நானும் போக வேண்டும் என்ற ஆசை அந்த வயதிலேயே பிடித்துக்கொண்டது.

அவருடைய பாட்டனாரின் சகோதரர் ஒருவரும் குரு, அகதியாக அவர்களுடனேயே இருந்தவர். அவர் ஒருநாள் சோதித்துப் பார்த்தார்: நீ ஒருவன்தானே ஆண் வாரிசு, நீயும் குருவானால் நம் குலப்பெயர் அழிந்துபோகுமே? ஒரு குருவோடு நம் குலம் முடிவது குலத்துக்குப் பெருமைதானே என்றார் பையன்.

ஆக, வித்து விழுந்த இடம் அந்த ஜன்னல். நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பயிற்சிப் பட்டறைகளும் பேரணிகளும் நடத்தி இறையழைத்தலைத் தேடுகிறோம். பர்த்தோலோ செய்தது ஒரு பையன் தனியாக நிற்பதைக் கவனித்ததும், தன் வீட்டைத் திறந்துவிட்டதும்தான். உங்கள் ஊரில் எந்தப் பிள்ளை ஜன்னலடியில் நிற்கிறது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

திருச்சி வாசகி

பாசையூரான் அண்ணா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். வெனிஸ் கதை எனக்குப் புதிது. ஆனால் ஒரு சந்தேகம். பன்னிரண்டு வயதிலேயே முடிவு செய்துவிட்டார் என்றால், குருமடத்துக்குப் போகும்போது ஏன் 26 வயது? நடுவில் என்ன ஆயிற்று? பலெர்மோவில் பிரபு வீட்டுப் பிள்ளையாகச் சொகுசாக வாழ்ந்தார், கல்யாணப் பேச்செல்லாம் நடந்தது என்று எங்கோ படித்திருக்கிறேன். அதையும் பிள்ளைகளிடம் சொல்லலாமா, வேண்டாமா?

பாசையூரான்

சொல்லத்தான் வேண்டும் சகோதரி. அதை மறைத்தால் பெரிய வெள்ளியின் அர்த்தம் பாதி போய்விடும்.

1797 கடைசியில் வெனிஸை விட்டுப் புறப்பட்டதோடு பர்த்தோலோவின் துணை முடிந்தது. நேப்பிள்ஸில் கழிந்த ஒரு வருடம் வெறுமை. 1799 தொடக்கத்தில் பலெர்மோவுக்குப் போனார்கள். அங்கே கனிட்சாரோ என்ற பிரபு குடும்பம் அவரைத் தங்கள் சொந்த மகனைப் போல ஏற்றுக்கொண்டது. முக்கியமாக அந்த வீட்டம்மா. தாயைப் பிரிந்திருந்த பையனுக்கு அவர் இரண்டாவது தாய். விருந்து, வேலையாட்கள், உயர்குடிப் பழக்கவழக்கங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. தன்னைக் கோமகன் என்று அழைத்துக்கொள்ளத் தொடங்கியதும் அங்கேதான். 1802இல் அந்த அம்மா இறந்தபோது உடைந்துபோனார்.

அதே வருடம் அக்டோபரில், 20 வயதில், மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கினார். தாயைப் பார்த்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அதற்குள் தாய் சட்டப்படி மணமுறிவு பெற்றிருந்தார். தன் சீதனச் சொத்தைக் கணவருடைய கடன்காரர்களிடமிருந்து காப்பாற்ற அவருக்கு அது தேவைப்பட்டது. தகப்பனும் சித்தப்பாமாரும் பலெர்மோவிலேயே தங்கிவிட்டார்கள். மகனுக்கு ஒரு பணக்காரப் பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்தால் குடும்பம் நிமிரும் என்று தாய் நினைத்தார். மகனுக்கும் நல்ல சீதனத்தோடு பெண் அமையட்டும் என்ற எண்ணம் அப்போது இருந்தது. எதுவும் சரிவரவில்லை. சிசிலிக்கே திரும்பிப் போகக் கடவுச்சீட்டுக்கு முயன்றார். அதுவும் கிடைக்கவில்லை. புரோவான்சின் உட்கிராமத்தில் இருந்த குடும்பத் தோட்டத்தில் சலிப்போடு நாட்களைக் கழித்தார்.

வெனிஸில் விழுந்த வித்து காய்ந்துபோனதாகவே பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள். குருமடத்தை விட்டு வந்தவன் என்ற முறையில் இந்தப் பக்கங்களை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். பதினாறு பதினேழு வயதில் கோயிலை விட்டு விலகிப் போகிற பொடியளை நாங்கள் சீக்கிரம் கைவிட்டுவிடுகிறோம். இந்தப் புனிதரும் அந்த வயதில் எங்கே இருந்தார் என்று பார்க்க வேண்டும்.

1806 முடிவில் எக்ஸ் நகரச் சிறைச்சாலைகளைக் கவனிக்கும் பொறுப்பாளர்களில் ஒருவரானார். கைதிகளின் சாப்பாட்டைக் கண்காணிக்கப் போய், மனிதர்கள் கிடந்த கிடையைக் கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தப் பெரிய வெள்ளி. பெரும்பாலும் 1807 மார்ச் 27 என்றே கொள்கிறார்கள். சிலுவையைக் கண்டு கண்ணீரை அடக்க முடியாமல் அழுததாக 1814 டிசம்பர் தியானக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். அதுவரை மகிழ்ச்சியைக் கடவுளுக்கு வெளியே தேடியதாகவும் அதில் வருகிறது. ஏழு வருடம் கழித்து எழுதும்போதும் அந்த வரிகளில் சூடு ஆறவில்லை.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது: இல்லை, ஒருநாள் அழுதது போதவில்லை. அதன்பின் ஒன்றரை வருடம் யோசித்தார். மார்செய்யில் இருந்த மாகி என்ற முதிய இயேசு சபைக் குருவிடம் ஆலோசனை கேட்டார். 1808 ஜூனில் தாய்க்கு எழுதித் தன் முடிவைச் சொன்னார். தாய் ஒப்பவில்லை. அக்டோபரில் பாரிஸ் புனித சுல்ப்பீஸ் குருமடத்தில் சேர்ந்தார். 1811 டிசம்பர் 21 அன்று அமியென்ஸ் நகரில் குருப்பட்டம். பாரிஸில் பட்டம் பெறாததற்குக் காரணம், நெப்போலியன் அங்கே நியமித்த கர்தினாலின் கையால் பெற அவர் விரும்பவில்லை. அமியென்ஸ் ஆயர் தன்னோடு வைத்துக்கொள்ள உயர் பதவி தந்தார். அதையும் மறுத்துவிட்டு ஊர் திரும்பினார்.

வவுனியா ஆசிரியர்

அண்ணன் சொன்னதோடு 1813 தவக்காலத்தையும் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால் சபையின் விதை அங்கேதான். எக்ஸ் நகரின் மதலேன் கோயிலில் அதிகாலை 6 மணிக்குப் பிரசங்கம் வைத்தார். ஏன் அந்த நேரம்? வேலைக்காரர்களும் கூலியாட்களும் வேலைக்குப் போகுமுன் வந்து கேட்க முடிந்த நேரம் அதுதான். பேசியது மேல்மக்களின் பிரெஞ்சில் இல்லை, ஊர் மக்களின் புரோவான்சால் மொழியில். வீட்டு வேலைக்காரரே, உழவரே, பிச்சை எடுப்பவரே என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உலகம் உங்களை எப்படிப் பார்த்தாலும் நீங்கள் கடவுளின் பிள்ளைகள் என்றார். நீதிமன்றத் தலைவரின் மகன் இப்படிப் பேசுவதை அவருடைய வகுப்பார் பலர் ரசிக்கவில்லை. கோயில் நிரம்பியது.

அடுத்த வருடம் போர்க் கைதிகளிடையே டைபஸ் காய்ச்சல் பரவியது. அவர்களுக்கு ஊழியம் செய்யப் போய் அவருக்கும் தொற்றி, சாவின் விளிம்புக்குப் போய்த் தப்பினார். அவர் சேர்த்து வைத்திருந்த இளைஞர் சங்கப் பொடியள் கோயிலில் கூடி மன்றாடினார்கள்.

பாசையூரான்

ஆமாம் தம்பி, அந்தப் பிரசங்கம் இல்லாமல் சபை இல்லை. தனியாக இவ்வளவையும் செய்ய முடியாது என்று கண்டுதான் 1815 அக்டோபரில் ஆர்ல் நகரிலிருந்த தெம்பியே என்ற இளம் குருவுக்குக் கடிதம் எழுதினார். சிலுவையின் அடியில் இருந்து இதை வாசியுங்கள் என்று அதில் கேட்டிருந்தார். எக்ஸ் நகரில் பழைய கார்மேல் மடத்தின் ஒரு பகுதியை வாங்கிக் குடியேறினார்கள். தொடக்கத்தில் இரண்டு பீப்பாய்களின் மேல் ஒரு பலகை, அதுதான் சாப்பாட்டு மேசை. 1816 ஜனவரி 25 சபையின் பிறந்தநாள். முதல் மக்கள் மறைபணி கிரான்ஸ் என்ற கிராமத்தில், அதுவும் புரோவான்சாலில். 1826 பிப்ரவரி 17 அன்று திருத்தந்தை 12ஆம் சிங்கராயர் (லியோ) அங்கீகாரம் தந்தார்.

எங்கள் மண்ணுக்கு வந்த கதையையும் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் பொறுப்பாயிருந்த பெத்தாக்கினி ஆண்டகை 1847இல் மார்செய் போய், அப்போது அங்கே ஆயராயிருந்த யூஜினிடம் ஆட்கள் கேட்டார். செமேரியா சுவாமியின் தலைமையில் நால்வர் அதே வருடம் நவம்பர் 28 அன்று இலங்கையின் காலித் துறைமுகத்தில் இறங்கினார்கள். வெனிஸில் ஆசிய மறைபணியாளரின் கடிதங்களை வாசித்த பையன், 65 வயதில், ஆசியாவுக்குத் தன் ஆட்களை அனுப்பினார்.

இன்னொன்று. 1995 டிசம்பர் 3 அன்று உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். போரால் யாழ்ப்பாணத்து மக்கள் ஊரை விட்டுப் போன அக்டோபர் 30 இடப்பெயர்வு நடந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. ஊர் வெறிச்சோடிக் கிடந்தது, நாங்கள் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வேறு குடும்பங்களோடு இருந்தோம். செய்தி எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது. எட்டு வயதில் வீட்டை விட்டு ஓடிய பிள்ளை புனிதராகிவிட்டார் என்று கேட்டபோது அந்த வகுப்பறையில் சிலர் அழுதார்கள்.

மன்னார் மறையாசிரியை

அண்ணா, தம்பி, திருச்சி அக்கா, எல்லோருக்கும் நன்றி. வெனிஸ் ஜன்னலில் தொடங்கி, பலெர்மோவை மறைக்காமல் சொல்லி, பெரிய வெள்ளிக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். ஒரு கேள்வி மட்டும். என் வகுப்பில் தாய் தகப்பன் பிரிந்து வாழும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசியில் அவருடைய பெற்றோர் சேர்ந்தார்களா என்று நிச்சயம் கேட்பார்கள்.

பாசையூரான்

சேரவில்லை தங்கச்சி. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வெளிநாட்டில் இருந்த காலத்திலிருந்தே அவர் அதற்காக முயன்றார், முடியவில்லை. தகப்பனும் சித்தப்பாமாரும் 1817 முடிவில்தான் பிரான்சுக்குத் திரும்பினார்கள். திரும்பி வர ஏற்பாடு செய்ததும் அவர்தான். தகப்பன் மார்செய்யில் குடியிருந்தார், தாயோடு சேர்ந்து வாழவில்லை. 1820இல் தகப்பன் இறந்தபோது மகன் பக்கத்தில் இருந்தார். தாய் 1851 வரை வாழ்ந்தார். அவரையும் மகன் கைவிடவில்லை. இருவருக்கும் அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. ஒருவரைப் பற்றி மற்றவரிடம் எப்போதும் மரியாதையோடுதான் எழுதப் பார்த்தார். அந்தப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் நல்லது, வகுப்பில் எல்லோர் முன்னாலும் வேண்டாம்.