25,000 ரூபாய்க்குள் திரைவாசிப்பானுக்கு ஏற்ற சிறிய மடிக்கணினி எது?

நான் பார்வையற்ற முதுகலை மாணவன், மதுரையில் படிக்கிறேன். கடந்த ஜூனில் வாங்கிய 11.6 அங்குல மடிக்கணினியில் (செலரான் செயலி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, விண்டோஸ் 11) திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானை இயக்கினால், விசையை அழுத்தி இரண்டு மூன்று விநாடி கழித்தே குரல் வருகிறது. குரோமில் நான்கு பக்கங்களைத் திறந்தால் பேச்சு நின்றேவிடுகிறது. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபியும் 64 ஜிபியும்தான் என்பதை வாங்கிய பிறகே அறிந்தேன்.

விண்டோஸின் தமிழ்க் குரலான வள்ளுவரை விட்டு இலகுவான இஸ்பீக் குரலுக்கு மாறினேன், தொடக்கத்தில் தாமாக இயங்கும் மென்பொருள்களை நிறுத்தினேன், விண்டோஸை மீண்டும் நிறுவினேன். சிறு மாற்றமே தெரிந்தது. ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் கூட்ட வழியில்லை என்று பழுதுபார்ப்பவர் கூறிவிட்டார். இன்சர்ட் விசை எஃப்என் விசையோடு சேர்ந்திருந்த தொல்லை மட்டும், கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக (அதன் கட்டளைகளுக்கு அழுத்தும் விசையாக) மாற்றியதும் தீர்ந்தது.

இப்போது பழைய லெனோவோ திங்க்பேட் மடிக்கணினி ஒன்றை வாங்க எண்ணுகிறேன். அதில் எக்ஸ்270 மாதிரியில் ரேமை மாற்றலாம், ஆனால் அதன் செயலி விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. எக்ஸ்280இன் 8ஆம் தலைமுறைச் செயலி பட்டியலில் உண்டு, ஆனால் ரேமை மாற்ற இயலாது. திரை எப்படி இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. எடை, மின்கலம், விசைப்பலகை ஆகியவையே முக்கியம்.

8 ஜிபி ரேம் கொண்ட எக்ஸ்280இல் என்விடிஏ, குரோம், வேர்டு மூன்றையும் ஒன்றாக நாள்தோறும் பயன்படுத்துபவர்கள் இருந்தால், குரல் தாமதமின்றி வருகிறதா என்று சொல்ல முடியுமா?