கலைச்சொல்: 'மோதல் தாங்கும் இருக்கை' வேண்டாம், 'மசிவு இருக்கை' எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

> சிறு விமானத்தில் விபத்துக்கென்று வடிவமைக்கும் இருக்கையை 'மோதல் தாங்கும் இருக்கை' என்றே சொல்லிவிடலாமே.

ஆற்காட்டு ஐயாவின் சொல்லில் எனக்குத் தகராறு 'தாங்கும்' என்பதில்தான். இந்த இருக்கையின் வேலையே சமயம் பார்த்து விட்டுக்கொடுப்பது. 1988-இல் அமெரிக்கா தன் சிறு விமான விதிகளில் சேர்த்த சோதனையைப் பாருங்கள். 77 கிலோ மனித உருவப் பொம்மையை இருக்கையில் உட்காரவைத்து, வினாடிக்கு 31 அடி வேகத்தைச் சட்டென்று நிறுத்துகிறார்கள். முன்வரிசைக்கு வேகக்குறைப்பின் உச்சம் 19 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல் 19 மடங்கு. நம் பக்கத்தில் பனையேறுகிறவர் பதினைந்தடி உயரத்தில் கை நழுவி, உட்கார்ந்த வாக்கில் விழுகிற வேகம்தான் அந்த 31 அடி. இடுப்புத்தண்டில், அதாவது முதுகுத்தண்டின் இடுப்புப் பகுதியில், ஏறும் பளு 680 கிலோவைத் தாண்டக்கூடாது.

இருக்கைக்கால் விறைப்பாக இருந்தால் அடி நேராக இடுப்புக்குப் போகும். மெத்தென்று நுரைப்பஞ்சு போட்டால் இன்னும் மோசம்: விமானத்தின் தரை நின்றுவிடும், ஆள் மட்டும் பஞ்சுக்குள் இறங்கிக்கொண்டே போய் அடித்தகட்டில் இடிப்பார். அதனால்தான் வளைந்த குழாய்க் கால்களையோ அலுமினியத் தேன்கூட்டு அடுக்கையோ வைக்கிறார்கள். குறிப்பிட்ட விசை வரும்வரை அசையாது. வந்ததும் நசுங்கும், திரும்ப எழாது. எழுந்தால் ஆளைத் தூக்கி அடித்துவிடும். ஆகவே 'அமுங்கு' சரிவராது. 'ஆற்றல் உறிஞ்சு'ம் வேண்டாம், வாயில் நிற்கவில்லை.

என் பரிந்துரை 'மசிவு'. "எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை" என்கிறோமே, அந்த மசிதல். மசிவு இருக்கை, மசிவு விசை, மசிவு தூரம் என்று நீட்டிக்கொள்ளலாம். கடைசிச் சொல் கட்டாயம் தேவைப்படும். நிற்கும் தூரம் இரண்டு மடங்கானால் சராசரி விசை பாதியாகிவிடும், கணக்கெல்லாம் அதைச் சுற்றித்தான். மசி என்றால் மை என்று தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

'தாங்கு' வேறிடத்தில் உதவும். இரண்டாவது சோதனையில், இருக்கையைப் பூட்டியிருக்கும் தரைத் தண்டவாளங்களை முன்கூட்டியே 10 பாகை முறுக்கிவிட்டு, முன்னோக்கி 26 ஜி கொடுக்கிறார்கள். இருக்கை பிடுங்கிக்கொண்டு வரக்கூடாது. அந்தப் பூட்டைத் 'தாங்குபூட்டு' எனலாம்.

அப்புறம், வேலூர் பாகாயத்தில் முதுகுத்தண்டு நோயாளிகளோடு வேலைசெய்யும் சகோதரிக்கு ஒரு கேள்வி. 'லம்பார் லோடு' என்பதற்கு 'இடுப்புத்தண்டுப் பளு' என்று போட்டிருக்கிறேன். வார்டில் நோயாளிகளிடம் அந்த இடத்தை என்னவென்று சொல்கிறீர்கள்? அதையே வைத்துக்கொள்வோம்.