லிரியா அரண்மனையில் ஒரு மத்தியானம்

பிரபு குலத்தில் பிறந்து அரசியலுக்கு வந்தவர்களின் வீடு, ஊர், ஆள் என்று நேரில் கண்டதை எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான் ஆளைப் பார்க்கவில்லை, அவர் 1953-லேயே இறந்துவிட்டார். வீட்டைப் பார்த்தேன். ஸ்பெயினின் ஆல்பா என்ற பிரபு குலத்தின் 17-வது டியூக் (அந்தக் குலத் தலைவரின் பட்டம்), ஹகோபோ ஃபிட்ஸ்-ஜேம்ஸ் ஸ்டுவர்ட் பிறந்த வீடு.

மாட்ரிட் மெட்ரோவில் வெந்துரா ரொட்ரீகஸ் நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான். அரண்மனையைக் கட்டிய கட்டடக் கலைஞரின் பெயரையே நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள். 2019-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே போனதும் எல்லோரும் கோயாவின் ஓவியத்தைத் தேடிப் போகிறார்கள். நானும் போனேன். வெள்ளை உடையில் ஆல்பாவின் 13-வது டச்சஸ், டியூக்கின் மனைவி என்பதால் அல்ல, அவரே பட்டத்துக்கு உரியவர்; காலடியில் ஒரு குட்டி வெள்ளை நாய், அதன் பின்னங்காலில் சிவப்பு ரிப்பன். 1795-ல் வரைந்தது. அந்த அம்மாவுக்குப் பிள்ளை இல்லாததால்தான் 1802-ல் பட்டம் ஃபிட்ஸ்-ஜேம்ஸ் குடும்பத்துக்குப் போனது.

நூலகத்தில் கொலம்பஸ் கையால் கீறிய ஒரு கடற்கரைப் படம் இருக்கிறது. நாலைந்து கோடுகள்தான். அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

ஆனால் என்னை உலுக்கியது வேறு. வெளிச்சுவர்கள் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. உள்ளே தொட்டால் தெரிகிற எல்லாமே புதுசு. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 1936 நவம்பரில், குடியரசை எதிர்த்துக் கிளம்பிய தளபதி ஃபிராங்கோவின் தரப்பு விமானங்கள் போட்ட தீக்குண்டுகளில் வீடு எரிந்துபோய் நான்கு பக்கச் சுவர் மட்டும் மிஞ்சியது. அப்போது வீட்டைக் கைப்பற்றி வைத்திருந்தவர்கள் குடியரசுத் தரப்பின் கம்யூனிஸ்ட் படையினர். உள்ளே மிச்சமிருந்த கலைப்பொருள்களைத் தீயிலிருந்து வெளியே கொண்டுவந்தவர்களும் அவர்களே. மேலான ஓவியங்களை முன்னதாகவே பத்திரப்படுத்தியிருந்தார்கள், அதனால் தப்பின.

அதே நவம்பரில் டியூக்கின் தம்பி எர்னாந்தோவை குடியரசுத் தரப்பினர் மாட்ரிட்டுக்கு வெளியே பாராக்குவேயோஸில் சுட்டுக் கொன்றார்கள். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அண்ணனும் தம்பியும் ஒரே போலோ அணியில் ஆடி வெள்ளி வாங்கியவர்கள். ஒரு பக்கம் வீட்டை எரித்தது, மறுபக்கம் தம்பியைக் கொன்றது. டியூக் தன் வீட்டை எரித்த பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். 1937-லிருந்து லண்டனில் ஃபிராங்கோவின் ஆள், 1939 முதல் 1945 வரை தூதர். சர்ச்சில் அவருக்குத் தூரத்து உறவு. இருவருக்கும் மூதாதை சர்ச்சில் குடும்பத்தில் ஒன்றாகிறது. அது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எவ்வளவு உதவியிருக்கும்! மன்னர் வாரிசு தோன் ஹுவான், ஃபிராங்கோவை விலகச் சொல்லி 1945-ல் அறிக்கை விட்டபோது இவரும் தூதர் பதவியை உதறினார்.

அவர் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தம்பியை நினைத்தால் ஒரேயடியாகத் தூற்றவும் மனம் வரவில்லை.

உள்நாட்டுப் போருக்கு முன்பே அமைச்சர் வேலை பார்த்தவர். 1930-ல் சில வாரம் கல்வி, பிறகு ஓராண்டு வெளியுறவு. துத்தன்காமுன் கல்லறையைத் திறந்த ஹோவர்ட் கார்ட்டரை மாட்ரிட்டுக்கு இரண்டு முறை அழைத்துப் பேசவைத்தவரும் இவரே. வீட்டைத் திரும்பக் கட்ட லட்யன்ஸிடம் வரைபடம் வாங்கினார். ஆமாம், நம் புது தில்லியைக் கட்டிய அதே லட்யன்ஸ். முடிந்ததைப் பார்க்க டியூக் இல்லை. மகள் கயெத்தானா 1956-ல் முடித்தார்.

பதில்:

அண்ணா, அந்த மகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2011-ல் தெற்கு ஸ்பெயினில் உள்ள செவியா நகரில் படித்துக்கொண்டிருந்தேன். அக்டோபர் 5, அங்கே அவர்கள் குடும்பத்தின் துவேன்யாஸ் அரண்மனை வாசலில் காலையிலிருந்தே கூட்டம். 85 வயதில் அவருக்கு மூன்றாவது கல்யாணம். சொத்தை ஆறு பிள்ளைகளுக்கும் முதலிலேயே பிரித்துக் கொடுத்துவிட்டார். ரோஜா நிற உடையில் வெளியே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் முன்னால் ஆடினார். பக்கத்தில் நின்ற பாட்டி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏழு வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்து, போர்க்கால லண்டனில் தகப்பனோடு வளர்ந்த பெண் அவர் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

2014 நவம்பர் 20-ல் அதே ஊரில் இறந்தார். நகர மன்றத்தில் உடலை வைத்தபோது வரிசையில் நின்றேன், என் முன்னும் பின்னும் சாதாரண ஜனம்தான். அஸ்தியில் ஒரு பகுதி குடும்பக் கல்லறையில் இல்லை. அவர் செலவிட்டுப் புதுப்பிக்க உதவிய ஜிப்சி சகோதர சபையின் தேவாலயத்தில் இருக்கிறது. போன முறை செவியா போனபோது அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றிவைத்தேன்.