நன்கொடை கேட்டு வரும் அழையா மடல்: சொல் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

> அரசியல் அமைப்புகள் பணம் கேட்டு அனுப்பும் கடிதத்தையும் எரிதம் என்றே சொல்லிவிடலாமே. புதுச்சொல் எதற்கு?

குழுவில் வந்த இந்தக் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. கேட்காமல் வந்து குவியும் வேண்டாத மின்மடலுக்கு (spam) எரிதம் நம்மிடம் நன்றாக ஊன்றிவிட்ட சொல். ஆனால் அமெரிக்கச் சட்டம் இவை இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. 2003-ல் அங்கே வந்த எரிதக் கட்டுப்பாட்டுச் சட்டம் வணிக மின்மடல்களுக்கு மட்டுமே. அரசியல் நன்கொடை மடல் அதில் அடங்காது. விற்பனை அழைப்பு வேண்டாம் என்று தேசியப் பதிவேட்டில் எண்ணைப் பதிந்து வைத்தாலும், அரசியல் அழைப்புகள் வரத்தான் செய்யும். எல்லாவற்றையும் எரிதம் என்று போட்டால், படிப்பவர் அந்தச் சட்டம் தமக்குக் கைகொடுக்கும் என்று நம்பி ஏமாறுவார்.

எனக்கு வந்த ஒரு கடிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். உறைமேல் ‘கருத்துக் கணிப்பு’ என்ற பெயர், ஒரு பதிவு எண். உள்ளே நான்கு பக்கக் கடிதம், முக்கியமான வரிகளுக்கு நீலக் கோடு. கேள்விகள் எல்லாம் ‘ஆம்’ என்றே பதில் வரும்படி கேட்கப்பட்டவை. கடைசிக் கேள்வியில்தான் விஷயம்: 25, 50, 100 டாலர் எனக் கட்டங்கள். கூடவே, நாம் தபால்தலை ஒட்டத் தேவையில்லாத பதில் உறை. என் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, அதிலும் ஓர் எழுத்தைப் பிழையாக அச்சிட்டிருந்தார்கள். அதே பிழை நான் சந்தா கட்டும் ஒரு பத்திரிகையின் முகவரிச் சீட்டிலும் இருக்கிறது. முகவரிப் பட்டியல் எங்கிருந்து போயிருக்கும் என்று ஊகிக்க அது போதும். என் பெயரை என்னைக் கேட்காமல் வாடகைக்கு விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடிதம் வருவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

இந்தத் தொழிலே பட்டியலில்தான் நிற்கிறது. 1964 அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டர் தோற்ற பிறகு, அவருக்கு 50 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களின் பெயர்கள் பிரதிநிதிகள் அவை அலுவலகத்தில் பொதுப் பதிவாக இருந்தன. அரசியல் நன்கொடை அஞ்சலில் பின்னாளில் பெயர்பெற்ற ரிச்சர்ட் விகெரி அங்கே போய், ஆள் வைத்துக் கையால் எழுதியெடுத்தவை சுமார் 12,500 பெயர்கள். அப்புறம் வளர்ந்த அவருடைய அஞ்சல் தொழிலுக்கு அதுதான் மூலதனம். இன்று அமெரிக்கத் தேர்தல் ஆணையத்தில் பதிவாகும் கொடையாளர் பெயர்களை எடுத்து நன்கொடை கேட்பது சட்டப்படி கூடாது. யாராவது திருடினால் தெரியட்டும் என்று, சில கற்பனைப் பெயர்களைக் கலந்து வைக்கவும் அரசியல் குழுக்களுக்கு அனுமதி உண்டு.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘இரப்பு மடல்’ கேட்பவரை இழிவுபடுத்துகிறது. கலைச்சொல்லில் வசை கூடாது. ‘வசூல் மடல்’ என்றால் கடன் பாக்கி நினைவுக்கு வரும். ‘திரட்டு மடல்’ பல வலைப்பதிவுகளை ஓரிடத்தில் காட்டும் வலைத்திரட்டியோடு குழம்பும்.

என் பரிந்துரை ஒரு சொல் அல்ல, இணையாக இரண்டு. இதுவரை கொடுக்காதவருக்கு, பெரும்பாலும் வாடகைப் பட்டியலைக் கொண்டு அனுப்புவது கொடைதேடு மடல். ஒருமுறை கொடுத்தவரை விடாமல் கேட்பது கொடைதொடர் மடல். இரண்டும் வினைத்தொகை; ‘மடல்’ முன் ஒற்று மிகும் சிக்கலும் இல்லை. தாளுக்கும் மின்மடலுக்கும் பொருந்தும். இந்தப் பிரிவு அவசியம். முதல் வகையில் பெரும்பாலும் செலவே மிஞ்சும். அதில் சிக்கும் சிலரை வைத்து இரண்டாவதில்தான் பணம் பார்க்கிறார்கள். நிறுத்தச் சொல்லும் வழியும் வேறு. கொடைதொடர் மடலுக்கு அந்த அமைப்புக்கே எழுதலாம். கொடைதேடு மடலுக்குப் பட்டியலை வாடகைக்கு விட்டவரைப் பிடிக்க வேண்டும்.

‘பட்டியல் வாடகை’ என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். பொதுப் பதிவில் திருட்டைப் பிடிக்கக் கலக்கும் அந்தக் கற்பனைப் பெயருக்கு ‘பொறிப்பெயர்’ சரிவருமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்