உப்பு லோடு வண்டியில் பின் பிரேக் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது: எங்கே பார்ப்பது?

உப்பளப்பாதை:
எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடி உப்பளத்துல லோடு ஏத்துற பத்துச் சக்கர வண்டி. ஏர் பிரேக், எஸ் கேம் (திரும்பி பிரேக் ஷூவை டிரம்முல அழுத்துற எஸ் வடிவ முனை உள்ள ஷாஃப்ட்), பின்னாடி ஸ்பிரிங் சேம்பர் (ஏர் இல்லாதப்போ ஸ்பிரிங் பலத்துல பிரேக் பிடிக்கிற உருளை), ஆட்டோ ஸ்லாக் (சேம்பர் ராடையும் கேமையும் இணைச்சு, லைனர் தேய்மானத்தைத் தானா ஈடுகட்டுற கை). மழையில வண்டி நின்னா, எடுக்கும்போது பின் இடது பக்கம் பிடிச்சுக்குது. ஓட்டத்துலயும் அந்த டிரம் மட்டும் கை வைக்க முடியாத சூடு. லைனரும் (ஷூ மேல இருக்கிற உராய்வுப் பட்டை) டிரம்மும் புதுசு. பட்டறையில ஸ்லாக்கைத் தளர்த்தி அனுப்புறாங்க, கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிடுது. வாட்டர் சர்வீஸ் முடிஞ்சதும் அடியில பழைய இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து அடிக்கிறது வழக்கம். இன்னும் என்ன பண்ணணும்?

கேம்புஷ்:
லைனர், டிரம் மாத்தினப்போ ரிட்டன் ஸ்பிரிங் (ஷூவைத் திரும்ப இழுக்கிறது), ரோலர் (கேமுக்கும் ஷூவுக்கும் நடுவுல உருளுறது), ஆங்கர் பின் (ஷூவோட மறுமுனை மாட்டியிருக்கிற அச்சு), கேம் புஷ் (கேம் ஷாஃப்டைத் தாங்குற வளையம்) மாத்தினாங்களா? பெரும்பாலும் மாத்தியிருக்க மாட்டாங்க. பெடலை மிதிச்சா பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது காத்து, விட வைக்கிறது ரிட்டன் ஸ்பிரிங். காத்துக்கு இருக்கிற பலம் ஸ்பிரிங்குக்குக் கிடையாது. அதனால கேம் ஷாஃப்ட் கொஞ்சம் இறுகினாலும் பிரேக் பிடிக்கும், ஆனா விடாது.

ஸ்லாக்கைத் தொடறதுக்கு முன்னாடி கோளாறு எந்தப் பக்கம்னு பிரிங்க. மற்ற சக்கரங்களுக்கு ரெண்டு பக்கமும் கட்டை போட்டு, ஏர் அழுத்தம் 8 கிலோ ஏத்தி, பின் சக்கரத்தை ஜாக்கியில தூக்கி ஸ்டாண்டு வைங்க. ஸ்பிரிங் சேம்பரைக் கேஜிங் போல்ட் (உள்ள இருக்கிற ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டுற போல்ட்) போட்டு இழுத்துக் கட்டணும். இதைத் தவிர்த்துட்டு கிளெவிஸ் பின்னை (சேம்பர் ராடை ஸ்லாக்கோட கோர்க்கிற பின்) கழட்டக் கூடாது, ஏர் இறங்கினா ராடு பாய்ஞ்சு வரும். அப்புறம் ஒருத்தர் பெடலை மிதிச்சு விடட்டும். ராடு பாதியில நின்னா, கிளெவிஸ் பின்னைக் கழட்டுங்க. கழட்டினதும் ராடு தானா உள்ள போயிட்டா சேம்பர் நல்லாருக்கு, கோளாறு கேம் பக்கம். கழட்டியும் போகலைன்னா சேம்பருக்குள்ள துரு இருக்கலாம், ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கலாம், இல்ல ரிலே வால்வு (பின் சேம்பர்களுக்குக் காத்தைக் கொடுத்து வெளியே விடுற வால்வு) காத்தை வெளியே விடலை.

பின் கழட்டின நிலையில ஸ்லாக்கைக் கையால ஆட்டிப் பாருங்க. லைனர் டிரம்முல படுற வரைக்கும் போயிட்டு, விட்டதும் ஸ்பிரிங் இழுத்துத் திரும்பணும். சொரசொரன்னு இறுக்கமா இருந்தா புஷ் துருப்பிடிச்சிருக்கு. ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டினா முக்கால் மி.மீ.க்கு மேல ஆட்டம் இருந்தா புஷ் தேய்ஞ்சது. தேய்ஞ்ச புஷ் வழியா தண்ணி உள்ள போகும், அதனால ரெண்டும் சேர்ந்துதான் வரும்.

அச்சாணி77:
கேம்புஷ் சொன்னது சரி. அந்த ஆயில் டீசல் கலவையை முதலில் நிறுத்துங்கள். ரப்பர் ஹோஸும் சேம்பருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயஃப்ரமும் எண்ணெயில் ஊறி வீங்கும். தூசி ஒட்டிக்கொண்டு பசையாகும். பேக் பிளேட் (டிரம்மின் பின்பக்கத்தை மூடும் தகடு) இடைவெளி வழியாக லைனரில் ஒரு சொட்டு பட்டாலும் அந்தச் சக்கரத்தில் பிடி குறையும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். லீஃப் ஸ்பிரிங்குக்கு அடிக்க வேண்டுமானால் தூரிகையால் தடவுங்கள், பிரேக் பக்கம் வேண்டாம்.

துருவைத் தடுப்பது கிரீஸ்தான், அதிலும் பழையதை வெளியே தள்ளும் கிரீஸ். நிப்பிளில் இரண்டு அடி அடித்துவிட்டுப் போவது போதாது. ஸ்லாக் பக்கம் உள்ள சீல் வழியாகப் புது கிரீஸ் நிறம் மாறாமல் வரும் வரை அடிக்க வேண்டும். முதலில் காப்பி நிறத்தில் தண்ணீர் கலந்து வந்தால், உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்று புரியும். பிரஷர் வாஷ் செய்யும் ஒவ்வொரு முறையும் அன்றே கிரீஸ் அடியுங்கள். உப்பு லோடு வண்டிக்கு கம்பெனி சொல்லும் இடைவெளியில் பாதி வைத்துக்கொள்வது நல்லது.

கிரீஸ் டிரம்முக்குள் போய்விடுமே என்ற பயத்தில் பலர் அடிப்பதே இல்லை. போவதற்குக் காரணம் சீல் தலைகீழாக இருப்பது. கேம் ஷாஃப்டின் இரண்டு சீலுக்கும் உதடு ஸ்லாக் பக்கம் பார்க்க வேண்டும். அப்போது கேம் பக்க சீல் அழுத்தத்தில் இன்னும் இறுகும், ஸ்லாக் பக்க சீல் மட்டும் வழி விடும். இரண்டையும் எதிரெதிராகப் பூட்டினால் அழுத்தம் எங்காவது உடைத்துக்கொண்டுதான் போகும்.

உப்பளப்பாதை:
நன்றி அண்ணே. பிரிச்சுப் பார்த்தா கேம் ரொம்ப டைட். எந்த கிரீஸ் போடறது? ரோலருக்கும் தடவலாமா?

கேம்புஷ்:
லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ், இ.பி. (அதிக அழுத்தம் தாங்குறது) 2 நம்பர் (கெட்டித்தன்மை) போதும். உப்புத்தண்ணி நிறைய படற வண்டிக்கு கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் கிடைச்சா இன்னும் நல்லது, தண்ணியில கழுவிப் போகாது. ஒரு வகையிலிருந்து இன்னொண்ணுக்கு மாறும்போது பழசை முழுசா வழிச்சு எடுத்துடுங்க, சில வகைகள் கலந்தா தண்ணியாட்டம் ஆயிடும். ஆட்டோ ஸ்லாக்குல மாலி (மாலிப்டினம் டைசல்ஃபைடு) கலந்த கருப்பு கிரீஸ் வேண்டாம். உள்ளே இருக்கிற ஒருவழி கிளட்ச் உராய்வுல ஓடறது, அது வழுக்கும்.

ரோலரோட முனை ரெண்டும், அதாவது ஷூ பள்ளத்துல உட்கார்ற இடம், அங்க மட்டும் மெல்லிசா தடவுங்க. கேம் மேல உருளுற முகத்துல வேண்டாம். அங்க கிரீஸ் பட்டா ரோலர் உருளாம சறுக்கி ஒரு பக்கம் தட்டையாயிடும், அப்புறம் பிரேக் திக்கித் திக்கி வரும். ஆங்கர் பின்னை எமரி தாள்ல துடைச்சு ஹீட் தாங்கற கிரீஸ் கொஞ்சம். குழி விழுந்திருந்தா தேய்க்க வேண்டாம், புஷ்ஷோட சேர்த்து மாத்துங்க. ரிட்டன் ஸ்பிரிங்கை லைனர் மாத்தும்போதெல்லாம் புதுசா போடணும். பழைய ஸ்பிரிங் பார்க்க நல்லாத்தான் இருக்கும், வெந்து பலம் போயிருக்கும்.

ரிவெட்_சுத்தியல்:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. ஷூவுக்கும் லைனருக்கும் நடுவுல உப்புத்தண்ணி இறங்கினா துரு அங்கேயே உப்பும். இரும்பைவிட துரு அதிக இடம் எடுக்கும். ரிவெட்டுக்கு நடுவுல லைனர் தூக்கி, வெடிச்சு, டிரம்முல உரசும். பக்கவாட்டுல டார்ச் அடிச்சு இடுக்கு தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா சுத்தியலால துருவைத் தட்டிட்டு மேலேயே லைனர் கட்டறது வேலைக்காகாது. மணல் அடிச்சு வெள்ளை இரும்பாக்கி, பிரைமர் பூசி, முழுசா காய்ஞ்ச பிறகு கட்டணும். ரிவெட் நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போகணும், ஓரத்துல ஆரம்பிச்சா நடுவுல உப்பி நிக்கும்.

மழையில நிறுத்தும்போது கடைசி ஒரு கிலோமீட்டர் பெடலை லேசா தொட்டுத் தொட்டு டிரம்மைக் காய வைங்க. சமதரைன்னா முன்னும் பின்னும் கட்டை போட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டுடலாம். சரிவுல செய்யாதீங்க. லைனர் டிரம்முல ஒட்டிக்கிட்டா முதல் கியர்ல கிளட்சை உதறி இழுக்காதீங்க, லைனர் ஷூவிலிருந்து பிடுங்கிட்டு வரும். ரிவர்ஸ்ல ஒரு அடி, முன்னால ஒரு அடின்னு மெதுவா.

அச்சாணி77:
எல்லாம் பூட்டியபின் ஸ்ட்ரோக் அளந்துவிடுங்கள். ஏர் 6 முதல் 7 கிலோ இருக்கும்போது முழுசாக மிதித்து, ராடு வெளியே வந்த தூரத்தைப் பாருங்கள். சாதாரண 24 ஆம் எண் சேம்பருக்கு 44 மி.மீ., 30 ஆம் எண்ணுக்கு 51 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. எண் சேம்பர் உடம்பிலேயே பொறித்திருக்கும். ஆட்டோ ஸ்லாக் வண்டியில் அளவு கூடினால் கையால் திருகிச் சரிக்கட்டாதீர்கள். கிளெவிஸ் பின், கேம் புஷ், ஸ்லாக் இந்த மூன்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்பிரிங் சேம்பரின் அடிப்பக்கத் துளை உப்புச் சேறால் அடைத்திருக்கும், கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். உள்ளே தேங்கும் உப்புத் தண்ணீர்தான் ஸ்பிரிங்கை அரித்து ஒடிக்கிறது. ஆனால் அந்த சேம்பரின் கிளாம்ப் வளையத்தை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள், ஒடிந்த ஸ்பிரிங் என்றாலும் முழு யூனிட்டை மாற்றுவதுதான் வழி. ஏர் டேங்கை தினமும் வடிக்கும்போது தண்ணீர் பால்போல் வெளுத்து வந்தால் கம்ப்ரெசர் ஆயில் தள்ளுகிறது. ஏரில் உள்ள ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையர் கார்ட்ரிஜையும் அப்போதே பாருங்கள்.