ஓகஸ்டில் வின்ட்சேர்பிங்: மன்னாரா, முல்லைத்தீவா, கற்பிட்டியா?

பரந்தன்சந்தி:
வணக்கம் உறவுகளே. சுவிசில இருந்து மச்சானும் மகளும் யூலைக் கடைசியில கிளிநொச்சிக்கு வருகினம், ஓகஸ்ட் நடுப்பகுதி வரை நிப்பினம். ரெண்டு பேரும் வின்ட்சேர்பிங் (பாய் பூட்டின பலகையில நிண்டு காற்றில ஓடுறது) செய்யிறவை, கைட் (பட்டம் இழுக்க ஓடுறது) இல்லை. பிளேனிங் போவினம், அதாவது பலகை தண்ணிக்கு மேலால வழுக்கி ஓடுற வேகத்தில; ஃபுட் ஸ்ட்ராப்புக்குள்ள (பலகையில கால் கொழுவிற பட்டி) கால் வைப்பினம். பெரிய அலைக்குள்ள பழக்கமில்லை. மச்சான் 85 கிலோ, பிள்ளை 62. ஏரியில பழகினவை.

ஒரு கிழமையை இதுக்கெண்டே ஒதுக்கலாம் எண்டு இருக்கினம். வீட்டுக்குக் கிட்ட எண்டால் முல்லைத்தீவு. காற்று நிச்சயமா இருக்கிற இடம் எது? பாய், பலகை கொண்டுவர வேணுமா, இஞ்ச வாடகைக்கு எடுக்கலாமா? இல்லாட்டி தை மாதத்துக்கு மாத்தச் சொல்லவா?

சோளகம்:
ஓகஸ்டில காற்றுக்குக் குறைவில்லை. பார்க்க வேண்டியது அது கரைக்கு எந்தப் பக்கத்தால வருது எண்டதை. மே நடுவில இருந்து செப்டெம்பர் வரை சோளகம் தென்மேற்கில இருந்து அடிக்கும். ஒரு பக்கம் தமிழ்நாட்டு மலைகள், மற்றப் பக்கம் எங்கட மலைநாடு, நடுவில மன்னார் வளைகுடா. அந்த இடைவெளிக்குள்ளால காற்று நெருக்குப்பட்டு வாறபடியால்தான் கற்பிட்டியில இருந்து மன்னார், பூநகரி வரை பலமாய் இருக்கு. மன்னார்த் தீவின்ர தெற்குக் கரையில 30 விசையாழியோட 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலையைக் கொண்டுபோய் வைச்சதும் சும்மா இல்லை. கற்பிட்டியில இந்தப் பருவத்தில வழமையா 18–25 நொட் (1 நொட் எண்டால் மணிக்கு 1.85 கி.மீ.). காலையில கொஞ்சம் தணிஞ்சு, மதியத்துக்குப் பிறகு ஏறும்.

இனி கரை. மன்னார்த் தீவு வடமேற்கு–தென்கிழக்காய் நீண்டு கிடக்கு. அதால தெற்குக் கரையில சோளகம் நேரே முகத்தில அடிக்கும். இறங்கேக்கை அலை திருப்பித் திருப்பிக் கரைக்கே தள்ளும். ஏரியில பழகினவைக்கு முதல் நாளே அலுத்துப் போகும். வடக்குக் கரையில தண்ணி மட்டமாய், ஆசையாய் இருக்கும், ஆனால் காற்று கடலுக்குள்ள தள்ளுது. அந்தப் பக்கம் சர்வதேச எல்லையும் இருக்கு. தலைமன்னார் முனையில கரை வளையிற இடங்களில, மணல்நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிற பக்கத்தில, காற்று கரைக்குக் குறுக்காய்க் கிடைக்கும். தேட வேண்டியது அதைத்தான். அங்க இறங்க முதல் கடற்படைக் காவலரணில சொல்லிப்போட்டு இறங்குங்கோ. ஆதாமின் பாலத் திட்டுகளுக்கு வனசீவராசிகள் திணைக்கள அனுமதி இல்லாமல் போக வேண்டாம்.

கற்பிட்டிக் களப்பில காற்று தாழ்வான மணல்திட்டைத் தாண்டி வருது: காற்றுக்குத் தடையில்லை, அலையும் இல்லை. அவையின்ர பழக்கத்துக்கு அதுதான் சரி. குறை ஒண்டு, ஓகஸ்டில கைட்காரர் நிறைஞ்சிருப்பினம். கைட் கயிறு 20–24 மீற்றர். அதுக்குக் கீழ்க்காற்றுப் பக்கம் (காற்று போற பக்கம்) பாயோட போனால் கயிறு பாய்மரத்தில மாட்டும். விடியக் கூட்டம் குறைவு. காற்று 14–15 எண்டாலும் பெரிய பாயோட அந்த நேரத்தில போகட்டும்.

வட்டுவாகல்:
முல்லைத்தீவை ஓகஸ்டுக்கு விடுங்கோ, தம்பி. அங்க அந்த நேரம் கச்சான் (மேல்காற்று), தரையில இருந்து கடலுக்கு. கரையில நிண்டு பார்த்தால் எண்ணெய் ஊத்தின மாதிரி அமைதி. 300 மீற்றர் வெளிய போனால்தான் காற்றின்ர உண்மையான பலம் தெரியும், அப்ப திரும்பி வாறது காற்றுக்கு எதிராய். பாய்மரம் முறிஞ்சு 1 நொட்டில மிதந்தாலே ஒரு மணித்தியாலத்தில 1.85 கி.மீ., அதுக்கங்கால வங்காள விரிகுடா. பின்னேரம் கடற்காற்று எழும்பிக் கச்சானோட மோதினால் ரெண்டும் செத்து, நடுக்கடலில பாய் தொங்கிப் போகும். அதோட அது கரைவலைக் காலம். கம்பாக் கயிறு (கரைவலையை இழுக்கிற கயிறு) போற இடத்துக்குள்ள பின் (fin, பலகைக்கு அடியில இருக்கிற செட்டை) வைச்ச பலகையோட போறது மீன்பிடிக்கிற ஆக்களுக்கும் இடைஞ்சல்.

களப்புகளும் அப்ப உதவாது. நாயாறு, கொக்கிளாய், நந்திக்கடல் எல்லாம் வத்திக் கிடக்கும். 35 செ.மீ. பின்னுக்கு ஆகக் குறைஞ்சது 65 செ.மீ. தண்ணி வேணும். வேகத்தில பின் சேத்தில குத்தினால் பலகை நிண்டிடும், ஆள் முன்னால பறந்து பாய்மரத்தில மோதும், பின்பெட்டியும் (பின்னைப் பூட்டுற குழி) வெடிக்கும்.

தை, மாசி எண்டால் கதை வேறை. வாடை வடகிழக்கில இருந்து, சோளகத்தை விடக் கொஞ்சம் மெதுவாய், மழைத்தண்ணியால களப்புகள் நிறைஞ்சிருக்கேக்கை வரும். கடல் பக்கம் கரைமுறி அலையில பாய்மரம் முறியும், கிட்டப் போக வேண்டாம். மணல்திட்டுக்கு உள்பக்கம் களப்பில மட்டத்தண்ணி. முகத்துவாரம் வெட்டியிருந்தால் வெளிய இழுக்கிற ஓட்டத்துக்கு நல்லாய்த் தள்ளி நில்லுங்கோ. மீனவர் நடக்கிற பாதையை விட்டுப் பத்தைக்குள்ள வழி தேட வேண்டாம்; மிதிவெடி அபாயப் பலகை இன்னும் நிக்கிற இடங்கள் இருக்கு. நந்திக்கடல் பக்கம் எண்டால் ஊராக்களிட்டக் கேட்டுச் செய்யிறது மரியாதை. மே 18ஐ ஒட்டின நாள்களில அங்க விளையாட்டுச் சாமானோட போறது முறையே இல்லை.

டிசம்பருக்கு மட்டும் ரிக்கற் போட வேண்டாம். வாடை நிலைக்க முதல் தாழமுக்கங்கள் வாற நேரம் அது. 2020 டிசம்பர் 2 புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையிலதான் கரையேறினது.

முறிகண்டி:
இரணைமடுவில செய்யலாமே? பெரிய குளம், கிளிநொச்சியில இருந்து கிட்ட. பூநகரிப் பக்கமும் இருக்கு.

சோளகம்:
முறிகண்டி, குளம் ஓகஸ்டில இறங்கிப் போயிருக்கும், முதலையும் இருக்கு. சுத்திவரக் காடு எண்டதும் ஒரு பிரச்சினை: ஒரு மரவரிசையின்ர கீழ்க்காற்றுப் பக்கம், அதின்ர உயரத்தைப் போல 20–30 மடங்கு தூரத்துக்குக் காற்று குழம்பும். 20 மீற்றர் பனங்கூடல் எண்டால் 400–600 மீற்றர். பூநகரியில யாழ் களப்புப் பக்கமும் இதே பிரச்சினைதான், சோளகம் பனைக்கு மேலால வருது. அதைத் தாண்டி வெளிய போனால் களங்கண்டித் தடிகள் (மீன்பிடிக்க நட்ட வலைத் தடிகள்) பின்னைப் பிடிக்கும்.

பாய்மரம்:
சாமானைப் பற்றி. கற்பிட்டி, மன்னார் ரெண்டும் கைட் இடங்கள். வின்ட்சேர்பிங் வாடகை கிடைச்சாலும் பழகுநர் பலகையும் ஒரு அளவுப் பாயும்தான் எதிர்பார்க்கலாம். பலகையைக் கேட்டு உறுதிப்படுத்துங்கோ, பாயைக் கொண்டுவரச் சொல்லுங்கோ.

பாயின்ர அளவுக்கு ஒரு கணக்கு: ஆளின்ர நிறை × 1.34 ÷ நொட் = சதுர மீற்றர். 18 நொட்டில பிள்ளைக்கு 4.6, மச்சானுக்கு 6.3. 14 எண்டால் 5.9, 8.1. 22 எண்டால் 3.8, 5.2. அப்ப பிள்ளைக்கு 4.2, 5.0, மச்சானுக்கு 5.3, 6.4; ரெண்டு பேருக்கும் காலைநேரத்துக்கு 7.5 ஒண்டு. காற்றின்ர தள்ளு வேகத்தின்ர வர்க்கத்துக்கு ஏத்தபடி கூடும். 12 நொட் 17 ஆனாலே ரெண்டு மடங்கு. அதால ஒரு பாயோட மட்டும் வந்து நிக்கக் கூடாது.

களை பிடிக்காத சரிஞ்ச பின் 26–28 செ.மீ. ஒண்டு. உதிரியாய்: பாய்மர அடியின்ர ரப்பர் மூட்டு, பின் ஆணி, 4 மி.மீ. கயிறு 6 மீற்றர், பாய் ஒட்டு ரேப். இஞ்ச கடைகளில இந்த மூட்டு தேடிப் பிடிக்கேலாது. ரெண்டு துண்டுப் பாய்மரம் பொருத்திற இடத்தில மணல் போனால் இறுகி, பிறகு கழட்டேலாது. பூட்டின உடனை இன்சுலேஷன் ரேப் சுத்துங்கோ. பாயைக் கட்டினபடி வெயிலில போட வேண்டாம், மொனோஃபிலிம் (பாயின்ர கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள்) வெடிச்சுப் போகும்.

பரந்தன்சந்தி:
நன்றி அண்ணைமார். அப்ப கற்பிட்டி, ஒரு நாள் மன்னார். திகதியை எப்பிடிப் பிடிக்கிறது? அதோட மச்சான் மொரிசியஸ் நல்லமோ எண்டும் கேக்கிறார்.

சோளகம்:
யூலை–ஓகஸ்டில மொரிசியஸ் லெ மோர்னில தென்கீழ் வியாபாரக் காற்று நல்லாய் இருக்கும், வின்ட்சேர்பிங் பாய்கள் எல்லா அளவிலயும் வாடகைக்குக் கிடைக்கும். எகிப்து டஹாப், கிரேக்கத்தில பாரோஸ், நக்ஸோஸ் எல்லாத்துக்கும் அது பருவம்தான். காற்று மட்டும்தான் முக்கியம் எண்டால் அங்க போகட்டும். வீட்டுக்கு வாற பயணத்தோட ஒரு கிழமை எண்டால் கற்பிட்டி காணும்.

திகதி பார்க்கேக்கை மாதச் சராசரியை நம்ப வேண்டாம். 8 நொட்டும் 24 நொட்டும் மாறி மாறி வந்தாலும் சராசரி 16. பார்க்க வேண்டியது பகல் நேரத்தில 4 போபோர்ட் (காற்றின்ர பலத்தை அளக்கிற அளவுகோல்), அதாவது 11 நொட்டுக்கு மேல், எத்தனை வீத நாளில அடிக்குது எண்டது. உலகக் காற்று அட்லஸில (Global Wind Atlas இணையத்தளம்) 100 மீற்றர் உயரத்துக்குக் காட்டுற வேகத்தை 0.72 ஆல் பெருக்கினால் 10 மீற்றர் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். வவுனியா போல உள்நாட்டு நிலையத்தின்ர அளவைக் கரைக்குப் பாவிக்கேலாது. எதிர்வுகூறலில முதல் 3 நாளைத்தான் கணக்கில எடுங்கோ.

மன்னார் நாளை ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு நல்லாய் முன்னால வையுங்கோ, அதை அண்டி மன்னாரில அறையும் கிடைக்காது, வான் வண்டியும் கிடைக்காது. கற்பிட்டிக்கு அனுராதபுரம், புத்தளம் சுத்தித்தான் போகவேணும். பலகைப் பை 2.4 மீற்றர் வரும், ஹைஏஸ் வான் கூரையில அகலப் பட்டியால கட்டுங்கோ. மெல்லிய நைலோன் கயிறு பலகையின்ர விளிம்பை நசிக்கும்.