'பீச் நரிஷ்மென்ட்': மணலூட்டல் எனலாமா?

வணக்கம் ஐயா.

அரிப்பில் மெலிந்த கரைக்கு வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து போடுவதை ஆங்கிலத்தில் 'பீச் நரிஷ்மென்ட்' என்கிறார்கள். அதற்குத் தமிழாகத் தாங்கள் தந்த 'கடற்கரை ஊட்டம்' என்பதில் கரை ஊட்டுகிறதா, கரைக்கு ஊட்டுகிறார்களா என்று தெரியவில்லை. எதை ஊட்டுகிறார்கள் என்பதும் இல்லை. வண்ணமூட்டல், சுவையூட்டல், நஞ்சூட்டல் என்று நம்மிடம் ஒரு வார்ப்பு இருக்கிறதே. கொடுக்கும் பொருள் முன்னால் நிற்கும். அதன்படி 'மணலூட்டல்' என்கிறேன்.

'மணல் கொட்டுதல்' வேண்டாம். புதுச்சேரியில் கொட்டுவது கருங்கல். கொட்டிய இடத்தில் கிடப்பதே அதன் வேலை. மணல் நகர வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது, வடகிழக்குப் பருவக்காற்றில்தான் திரும்புகிறது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கரை பட்டினி கிடந்தது. தானாக உண்ண முடியாத பிள்ளைக்கு நாம் ஊட்டுகிறோம், அதுவும் ஒருவேளையோடு நிறுத்துவதில்லை. போட்ட மணலை அலை வடக்கே கொண்டுபோகும், மறுபடி போட வேண்டும். கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்பிலிருந்து இது வேறுபடுவதும் இங்கேதான்.

கிடைத்த மணலையெல்லாம் போட முடியாது. கரையில் ஏற்கெனவே உள்ள மணல்துகளின் பருமனுக்கு ஒத்ததாகவோ சற்றுப் பெரிதாகவோ இருக்க வேண்டும். மணலுக்காகத் தூர்வாரும்போது 0.063 மி.மீ.க்குக் குறைந்த வண்டலும் சேர்ந்து வரும். அது கரையில் தங்காது, நீரைக் கலக்கிவிட்டுப் போய்விடும். ஆகவே முதலில் கரை மணல், கொண்டுவரும் மணல் இரண்டையும் உலர்த்திச் சல்லடையில் சலித்து ஒப்பிட வேண்டும். 'சேறூட்டல்' நடந்த இடத்தை மணலூட்டல் என்று எழுதக் கூடாது.

வேற்றுமை உருபிலும் கவனம் வேண்டும்: 'கரைக்கு மணலூட்டினர்' சரி, 'கரையை மணலூட்டினர்' பிழை. பெயரெச்சம் 'மணலூட்டிய கரை'. திரும்பச் செய்வது 'மறுமணலூட்டல்' என்றால் 'மறுமணம்' காதில் விழுகிறது, 'மீள் மணலூட்டல்' நல்லது.

*

அன்புடையீர்,

மணலூட்டலை ஏற்கிறேன். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பான 'க்ராய்ன்' என்பதற்கு மீனவர் வழங்கும் 'தூண்டில் வளைவு' வடிவத்தைக் காட்டிவிடுகிறது. மணலூட்டல் செயலைக் காட்டுகிறது. 'ஊட்ட'லும் 'ஊட்ட'மும் தனித்தனியே நிற்கட்டும். செயலுக்கு மணலூட்டல், கரையின் நிலைக்கு மணலூட்டம். புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள பொம்மையார்பாளையம் போன்ற கரைகளைப் பற்றி எழுதும்போது 'மணலூட்டம் குன்றிய கரை' என்று சொல்ல வேண்டியிருக்கும். கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் அடுத்தடுத்துச் சேர்த்துவிடுங்கள்.